ஓசையின்றிக் கொல்லும் நோயா? – சூலகப் புற்றுநோயும் கேளாச் செவிகளும்

நோய்களுக்குப் பட்டப்பெயர் சூட்டுவதில் மருத்துவ உலகம் நம் புலவர்களுக்குச் சற்றும் இளைத்ததன்று. காசநோயை 'வெள்ளைக் கொள்ளைநோய்' என்றனர். உயர் இரத்த அழுத்தத்தை 'ஓசையின்றிக் கொல்வது' என்றனர். பின்னது பொருத்தமான பெயரே. அழுத்தம் ஏறுவதை அதனை உடையவர் பெரும்பாலும் உணர்வதில்லை. ஆனால் அதே பட்டத்தைப் பெண்களின் சூலகத்தில் தோன்றும் புற்றுநோய்க்கும் மருத்துவ நூல்கள் பல பத்தாண்டுகள் வழங்கிவந்தன. அங்கிருந்து அது நம் இதழ்களின் மகளிர் பகுதிகளுக்கும் வந்து சேர்ந்தது. இன்றும் தமிழில் இந்நோயைப் பற்றி எழுத முற்படுவோர் கைக்கு முதலில் அகப்படுவது அந்தத் தொடர்தான்.

பட்டப்பெயர்தானே, போகட்டும் என்று விட்டுவிட நமக்கு மனம் வரவில்லை. ஓசையின்றி வந்த நோய்க்கு எவரும் பொறுப்பாளர் அல்லர். நோயாளியும் அல்லர், மருத்துவரும் அல்லர், வீட்டாரும் அல்லர். விதி என்று சொல்லி எழுந்துவிடலாம். ஆனால் இந்நோய் உண்மையிலேயே ஓசையின்றி வந்ததா, அன்றி எழுந்த ஓசை கேட்பாரற்றுப் போயிற்றா என்பது வரலாற்றைப் புரட்டினால் விடை கிடைக்கக்கூடிய வினா. இக்கட்டுரை அந்த விடையைத் தேடிச் செல்வது.

முதலில் உறுப்பைப் பற்றி ஓரிரு சொற்கள். கருப்பையின் இரு மருங்கிலும், இடுப்புக் கூட்டின் ஆழத்தில், வாதுமைப் பருப்பின் அளவில் அமைந்தவை இரு சூலகங்கள். கருமுட்டைகள் முதிர்வது இங்கேதான். மேலை மருத்துவம் நெடுங்காலம் இவற்றுக்குத் தனிப்பெயர்கூட வைக்கவில்லை. ஆணுறுப்பை அளவுகோலாகக் கொண்டு 'பெண் விதைகள்' என்றே அழைத்துவந்தது. 1667-இல் நீல்ஸ் ஸ்டென்சன் என்னும் டேனிய அறிஞர், இவை முட்டை உறையும் இடங்கள், ஆகவே அப்பெயராலேயே அழைக்கப்பட வேண்டும் என்று எழுதினார். 1672-இல் ஒல்லாந்தரான ரெக்னியர் டி கிராஃப் அதனை விரிவாக நிறுவினார். தமிழில் இந்த இடர்ப்பாடு எழுந்திருக்க வேண்டியதில்லை. கருவுற்ற பெண்ணுக்கும் கருமுகிலுக்கும் பால்பிடிக்கும் நெல்லுக்கும் ஒருங்கே பொருந்தும் 'சூல்' என்னும் சொல்லை நாம் பல நூற்றாண்டுகளாக வைத்திருக்கிறோம். (வைத்திருந்தும் என்ன செய்தோம் என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.)

*

சூலகக் கட்டியின் வரலாற்றை எழுதுவோர் எல்லோரும் தொடங்கும் இடம் ஒன்றே: அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், டான்வில் என்னும் சிற்றூர், 1809. ஜேன் டாட் கிராஃபோர்ட் என்னும் நாற்பத்தைந்து வயது கடந்த பெண்மணியின் வயிறு பெருத்துக்கொண்டே வந்தது. பார்த்த உள்ளூர் மருத்துவர்கள் கருவுற்றிருக்கிறார் என்றனர். நாள் கடந்தும் பேறு நிகழாததால் டான்விலிலிருந்து எஃப்ரேம் மெக்டவல் என்னும் மருத்துவரை வரவழைத்தனர். அவர் தொட்டுப் பார்த்து, இது கருவன்று, சூலகத்தில் வளர்ந்த கட்டி என்றார். வயிற்றைத் திறந்து அத்தகைய கட்டியை வெற்றியுடன் அகற்றியவர் எவருமிலர், இது ஒரு சோதனை முயற்சியே என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். டான்விலுக்கு வந்தால் செய்து பார்க்கிறேன் என்றார்.

அப்பெண்மணி வந்தார். ஏறத்தாழ 60 மைல் தொலைவைக் குதிரை மீது, மார்கழிக் குளிரில், கட்டியைச் சேணத்தின் முன்முனையில் தாங்கியபடி கடந்து வந்தார். 1809 டிசம்பர் 25 அன்று அறுவை நடந்தது. மயக்கமருந்து அறுவைக்கூடங்களுக்கு வர இன்னும் முப்பத்தேழு ஆண்டுகள் இருந்தன. அவர் திருப்பாடல்களை ஓதியபடி கிடந்தார் என்பர். 25 நிமிடங்களில் வெளியே எடுக்கப்பட்டது ஏறத்தாழ 22 ராத்தல், அதாவது பத்துக் கிலோ எடையுள்ள கட்டி. ஐந்தாம் நாள் மருத்துவர் பார்க்கச் சென்றபோது நோயாளி எழுந்து தம் படுக்கையைத் தாமே விரித்துக்கொண்டிருந்தாராம். இருபத்தைந்தாம் நாள் ஊர் திரும்பியவர் 1842 வரை வாழ்ந்தார். (அறுவை தோற்றால் மருத்துவரைத் தூக்கிலிட ஊரார் கயிற்றுடன் வெளியே காத்திருந்தனர் என்றொரு கதையும் உலவுகிறது. பின்னாளில் யாரோ சுவைக்காகச் சேர்த்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. உண்மை நிகழ்ச்சிக்கு அத்தகைய ஒப்பனை தேவையில்லை.)

அத்தனை ஆண்டுகள் வாழ்ந்ததைக் கொண்டு நோக்கின் அக்கட்டி புற்றாக இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் நம் பொருளுக்கு இந்நிகழ்ச்சியில் உள்ள பாடம் அறுவை அன்று; அறுவைக்கு முன் கேட்கப்பட்ட வினா. பெண்ணின் வயிறு பெருத்தால் உலகுக்கு முதலில் தோன்றுவது ஒன்றே. இதனை நினைவில் வைத்துக்கொள்வோம்.

மெக்டவல் வழியில் சென்ற அறுவை மருத்துவம் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் விந்தையான ஒரு திருப்பத்தை அடைந்தது. 1872-இல் ஜார்ஜியா மாநிலத்து ராபர்ட் பாட்டே என்பவர், நோயற்ற சூலகங்களை அகற்றும் அறுவையைத் தொடங்கிவைத்தார். மாதவிலக்கை ஒட்டிய துன்பங்கள், வலிப்பு, 'ஹிஸ்டீரியா' என்று அக்காலத்தார் பெயரிட்டழைத்த மனக்கொதிப்பு ஆகிய அனைத்துக்கும் அதுவே மருந்து என்று நம்பப்பட்டது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருபது முப்பது ஆண்டுகள் அந்த அறுவை கொடிகட்டிப் பறந்தது. மனம் குழம்பியது என்றால் சூலகத்தை எடுத்தனர். அடுத்த நூற்றாண்டிலோ, சூலகம் நோயுற்று வயிறு வலிக்கிறது என்று வந்த பெண்ணிடம் மனம் குழம்பியிருக்கிறது என்றனர். இரண்டு பிழைகளுக்கும் வேர் ஒன்றுதான்: நோயாளி சொல்வதைச் சான்றாகக் கொள்ளாமை.

*

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். டி.என்.ஏ.வின் வடிவத்தைக் காட்டிய ஊடுகதிர்ப் படத்தால் புகழ்பெற்ற ரோசலிண்ட் ஃபிராங்ளினைத் தமிழ் வாசகர் பலரும் அறிவர். 1956-ஆம் ஆண்டுக் கோடையில் அவர் அமெரிக்காவில் ஆய்வுப் பயணத்தில் இருந்தார். இடுப்பில் பாவாடையைப் பொருத்த முடியாதபடி வயிறு உப்பியிருப்பதை அங்கேதான் கவனித்தார். இலண்டன் திரும்பி மருத்துவரைப் பார்த்தபோது அவர் எதிர்கொண்ட முதல் வினா, கருவுற்றிருக்கிறீர்களா என்பது. கேட்டவரும் ஒரு பெண் மருத்துவரே. கென்டக்கி நிகழ்ச்சிக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள். மயக்கமருந்து வந்துவிட்டது, ஊடுகதிர் வந்துவிட்டது, வினா மட்டும் மாறவில்லை.

ஃபிராங்ளினைப் பொறுத்தவரை மருத்துவர் காலம் தாழ்த்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். செப்டம்பர் 4 அன்றே அறுவை நடந்தது. இரு கட்டிகள் கண்டறியப்பட்டன. அதன்பின் ஒன்றரை ஆண்டுக்கு மேல், மருத்துவமனைக்கும் ஆய்வகத்துக்குமாக நடந்து, தீநுண்மிகளின் அமைப்பைப் பற்றிய ஆய்வுகளைத் தொடர்ந்தார். 1958 ஏப்ரல் 16 அன்று, 37-ஆம் வயதில் மறைந்தார். நோயின் பெயரை அவர் பலரிடமும் சொல்லவில்லை. அக்காலத்தில் 'புற்று' என்பதே உரக்கச் சொல்லத் தகாத சொல். அதிலும் பெண்ணின் உள்ளுறுப்பில் தோன்றிய புற்று என்றால் கேட்க வேண்டியதில்லை. அவருக்குக் கிடைக்காமற்போன நோபல் பரிசைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட பக்கங்களில் ஒரு சிறு பங்காவது அவரை மாய்த்த நோயைப் பற்றி எழுதப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

அந்த நோயின் பெயரைப் பொதுமேடையில் உரக்கச் சொல்ல வைத்தவர் ஒரு நகைச்சுவை நடிகை என்பது வரலாற்றின் முரண். கில்டா ராட்னர், அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1975 முதல் 1980 வரை சனி இரவுகளில் ஒரு நாட்டையே சிரிக்க வைத்தவர். 1986-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவருக்குக் காரணமறியாச் சோர்வு வந்தது. வயிறு உப்பிற்று, அடிவயிற்றிலும் தொடையிலும் வலி வந்தது. மருத்துவர் மாறி மருத்துவர் பார்த்தார். தீநுண்மித் தொற்று என்றார் ஒருவர். மனச்சோர்வு என்றும் பதற்றம் என்றும் பிறர் கூறினர். பத்து மாதங்கள் இவ்வாறு கழிந்தபின் அக்டோபரில் உண்மை வெளிப்பட்டது. அதற்குள் புற்று நான்காம் நிலையை எட்டியிருந்தது. 1989 மே 20 அன்று, 42-ஆம் வயதில் இறந்தார். நோயைப் பற்றிய அவருடைய நூல் அவ்வாண்டே வெளிவந்தது.

ஒரு செய்தியை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ராட்னர் வறியவர் அல்லர். ஊர்ப்பேர் தெரியாதவர் அல்லர். வாய்மூடி இருந்தவரும் அல்லர். பேசுவதே தொழிலாகக் கொண்டவர் பத்து மாதங்கள் இடைவிடாது சொன்னதே கேட்கப்படவில்லை என்றால், 'ஓசையின்றி' என்னும் அடைமொழி எதனைக் குறிக்கிறது?

அவர் குடும்பத்தில் வேறு பெண்களுக்கும் இந்நோய் வந்திருந்தது. அதனை எவரும் கேட்டுப் பொருத்திப் பார்த்திருக்கவில்லை. பஃபலோ நகரில் ஸ்டீவன் பைவர் என்னும் மருத்துவர், குடும்ப வழியாக இந்நோய் வருவதைப் பதிவு செய்யும் ஏடு ஒன்றை 1981 முதலே நடத்திவந்தார். 1990-இல் அது ராட்னரின் பெயரைப் பெற்றது. அவருடைய கணவரும் நடிகருமான ஜீன் வைல்டர் 1991-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் இதுபற்றிச் சான்றளித்தார், இதழ்களிலும் எழுதினார். சூலகப் புற்றுநோய் பற்றிய பொது விழிப்புணர்வு என்று இன்று நாம் அழைப்பதன் கால்கோள் அதுவே எனலாம்.

*

விழிப்புணர்வு எப்போதும் நேர்வழியில் செல்வதில்லை. 1981-இல் ராபர்ட் பாஸ்ட் என்பவரும் உடன் ஆய்ந்தோரும் சி.ஏ.-125 என்னும் குருதிக் குறிப்பானைக் கண்டறிந்திருந்தனர். நோய் உள்ளவர்க்கு மருத்துவம் பயனளிக்கிறதா என்று பார்க்க அது பெரிதும் உதவியது. 1990களின் பிற்பகுதியில், நோயுற்ற பெண் ஒருவரின் கதையைத் தாங்கிய தொடர் மின்னஞ்சல் ஒன்று உலகெங்கும் சுற்றியது. ஆண்டுதோறும் இந்தக் குருதிச் சோதனையைக் கேட்டுப் பெறுங்கள், மறுத்தால் வற்புறுத்துங்கள் என்பது அதன் சாரம். நல்லெண்ணத்தில் எழுந்த அறிவுரைதான்; ஆனால் தவறானது. தொடக்க நிலைப் புற்றுள்ள பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர்க்கு அக்குறிப்பான் உயர்வதே இல்லை. மறுபுறம், மாதவிலக்கு, கருப்பைத் தசைக்கட்டி, வயிற்றுக் காசநோய் எனப் புற்றல்லாத பலவற்றிலும் அது உயர்கிறது. காசநோய் மலிந்த நம் நாட்டில் இக்கடைசிச் செய்தி சிறு செய்தியன்று.

நோயற்ற பெண்கள் அனைவரையும் ஆண்டுதோறும் சோதித்தால் என்ன என்னும் வினாவுக்குப் பிரிட்டனில் மாபெரும் ஆய்வொன்று விடை தேடியது. 2001-க்கும் 2005-க்கும் இடையே 50 முதல் 74 வயது வரையிலான 2,02,638 பெண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு சாரார்க்கு ஆண்டுதோறும் குருதிச் சோதனை, ஒரு சாரார்க்கு ஒலியலைச் சோதனை, எஞ்சியோர்க்குச் சோதனை இல்லை. இறுதி முடிவு 2021-இல் வெளிவந்தது. குருதிச் சோதனை சில புற்றுகளை முன்கூட்டியே காட்டியது உண்மை. ஆயினும் இறப்பு குறையவில்லை. இருபதாண்டு உழைப்பின் முடிவை ஆய்வாளர்கள் ஒளிக்காமல் அறிவித்தனர். அறிவியலின் பெருமை வெற்றிகளில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று நமக்குத் தெரியவில்லை.

ஆக, கருப்பை வாய்ப் புற்றுக்கு உள்ளதுபோல் முன்கூட்டிச் சலித்தெடுக்கும் சோதனை இந்நோய்க்கு இல்லை. எஞ்சியிருப்பது பெண் தன் வாயால் சொல்வது ஒன்றே. அதைச் சான்றாக ஏற்கலாமா?

ஏற்கலாம் என்று காட்டியது ஓர் எளிய ஆய்வு. சியாட்டிலின் பார்பரா கோஃப் என்னும் மருத்துவரும் உடன் ஆய்ந்தோரும், சூலகப் புற்றுநோயுற்ற பெண்களுக்காக வந்துகொண்டிருந்த செய்திமடல் ஒன்றின் வாசகியர்க்கு இரண்டு பக்க வினாத்தாளை அனுப்பினர். அம்மடலை நடத்தியவரும் நோயுற்ற பெண்ணே. பெற்றவர்கள் படியெடுத்துப் பிறர்க்கும் கொடுத்தனர். அமெரிக்காவிலும் கனடாவிலுமிருந்து 1,725 விடைத்தாள்கள் வந்து சேர்ந்தன. 2000-இல் வெளியான முடிவு இது: 95 விழுக்காட்டினர் நோய் கண்டறியப்படுமுன்னரே அறிகுறிகளை உணர்ந்திருந்தனர். தொடக்க நிலையில் கண்டறியப்பட்டவர்களிலும் 89 விழுக்காட்டினர் உணர்ந்திருந்தனர். மருத்துவரிடம் சென்ற பலர் குடற்கோளாறு, மனஅழுத்தம், இரைப்பை அழற்சி, ஒன்றுமில்லை எனப் பலவாறான விடைகளுடன் திரும்பியிருந்தனர்.

நோயை 'ஊமை' என்றவர்கள் விடை சொல்ல வேண்டிய நேரம் அது. நினைவுப்பிழை இருக்கலாம், நோய் வந்தபின் எல்லாமே அறிகுறியாகத் தோன்றும் என்று மறுத்தனர் சிலர். நியாயமான ஐயமே. எனவே கோஃப் 2004-இல் நோயற்ற பெண்களையும் உடன்வைத்து ஒப்பிட்டார். வயிறு உப்பாத பெண் யார்? வேறுபாடு அறிகுறியில் இல்லை. அது வரும் அடர்த்தியில் இருந்தது. மாதத்தில் ஓரிரு நாள் வந்துபோவது ஒன்று; அண்மையில் தொடங்கி ஏறத்தாழ நாள்தோறும் வருவது வேறொன்று. வயிறு உப்புதல் அல்லது பெருத்தல், அடிவயிற்று வலி, சிறிதுண்டதும் வயிறு நிறைந்துவிடுதல் ஆகியவை ஓராண்டுக்குள் தொடங்கி, மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் நீடித்தால் ஆராய வேண்டும் என்பது 2007-இல் வந்த அளவுகோல். அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் ஒன்றுகூடி, அடிக்கடியும் அவசரமாகவும் சிறுநீர் கழிக்க நேர்வதையும் சேர்த்து, இந்நோய்க்கு அறிகுறிகள் உண்டு என்று கூட்டாக அறிவித்தன. பிரிட்டன் 2011-இல் இவற்றைத் தன் மருத்துவர்களுக்கான நெறிமுறையில் சேர்த்தது. இத்தகைய அறிகுறி உடையவர்க்குச் சி.ஏ.-125 பார்ப்பது பொருத்தம். இல்லாதவர்க்குப் பார்ப்பது பொருத்தமன்று. மின்னஞ்சல் தவறியது இந்த நுட்பத்தில்தான்.

மிகைப்படுத்தவும் வேண்டா. அறிகுறியை அறிந்து விரைந்து சென்றவர் எல்லோரும் பிழைப்பர் என்று எவரும் உறுதி கூற இயலாது. இந்நோயின் சில வகைகள் தொடங்கியவுடனே பரவிவிடுகின்றன. ஆனால் சூலகத்தளவில் நிற்கும்போது கண்டால் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டு கடக்கின்றனர், தொலைவுக்குப் பரவியபின் கண்டால் பத்தில் மூவரே. பரவியபின்னும், உடல் தளரும் முன் அறுவைக்கும் மருந்துக்கும் ஆட்படுவது வேறு, வயிறு நிறைய நீர் கோத்தபின் ஆட்படுவது வேறு.

மரபணுவின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது; சுருக்கமாகச் சொல்லிச் செல்வோம். 1990-இல் மேரி-கிளேர் கிங், குடும்ப வழி மார்பகப் புற்றுக்குக் காரணமான மரபணு ஒன்று 17-ஆம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார். பி.ஆர்.சி.ஏ.1 என்னும் அம்மரபணு 1994-இல் பிரித்தறியப்பட்டது. பொதுவாக எண்பது பெண்களில் ஒருவர்க்கு வாழ்நாளில் வரக்கூடிய சூலகப் புற்று, இம்மரபணுவில் பழுதுள்ள பெண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர்க்கு வருகிறது. தாயை இந்நோய்க்கு இழந்த நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013-இலும் 2015-இலும் தம் அறுவைகளைப் பற்றி நாளிதழில் எழுதியபின் உலகெங்கும் பெண்கள் குடும்ப வரலாற்றைத் தோண்டத் தொடங்கினர். 2013 முதலே மே 8 உலக சூலகப் புற்றுநோய் நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது.

*

நிற்க. இனி நம் ஊருக்கு வருவோம்.

2022-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி இந்நோய்க்குப் புதிதாக ஆளானோர் ஏறத்தாழ 3,24,000 பேர். அவர்களுள் இந்தியப் பெண்கள் ஏறத்தாழ 47,000 பேர். மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றுக்கு அடுத்து நம் நாட்டுப் பெண்களிடையே மூன்றாவதாக நிற்பது இதுவே.

புற்றுநோயைப் பற்றிப் பேசுவதில் தமிழகம் பிந்தியிருந்தது என்று சொல்ல முடியாது. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல்லாண்டு போராடி, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கிவைத்தார். புற்று வந்தால் சாவுதானே, அதற்கொரு மருத்துவமனை எதற்கு என்று படித்தவர்களே கருதிய காலம் அது. அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்து 2021-இல் மறையும் வரை அந்நிலையத்தோடு வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் செய்த பணி தமிழுலகம் அறிந்தது. 1982 முதல் சென்னையில் புற்றுநோய்ப் பதிவேடு பேணப்படுகிறது. கருப்பை வாய்ப் புற்று குறைந்துவருவதையும் மார்பகப் புற்று கூடிவருவதையும் நமக்குக் காட்டியது அப்பதிவேடே. அவ்விரண்டையும் பற்றிச் சிற்றூர்களிலும் முகாம்கள் நடக்கின்றன, நல்லது.

சூலகத்தின் பங்கு அங்கே சொல்லிலேயே சிக்கிக்கொள்கிறது. இந்த ஒரே உறுப்புக்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! சூலகம், சூற்பை, சினைப்பை, அண்டகம், கருவகம், கருமுட்டைப்பை. இலங்கைத் தமிழர் சூலகம் என்கின்றனர். நம் தாவரவியல் பாடநூலோ பூவின் உறுப்புக்குச் சூலகம் என்று பெயரிட்டுவிட்டது. விலங்கியல் பாடநூல் அண்டகம் என்றது. நாளிதழ்கள் 'சினைப்பை' என்கின்றன. மாடும் ஆடும் சினைப்படும். பெண்ணைப் பற்றி அச்சொல்லை எந்த வீட்டில் வழங்குகிறார்கள்? 'சூல்' இருக்கச் 'சினை'க்குப் போனவர்களை நாம் மன்னிப்பதாக இல்லை. ஆனால் இலக்கணச் சண்டையன்று இங்கே பொருள். வீட்டிலும் தெருவிலும் பெண்கள் வழங்குவது இவற்றுள் எதுவுமன்று. உள்ளுறுப்பு அனைத்துக்கும் சேர்த்துக் 'கர்ப்பப்பை' என்னும் ஒரே சொல்தான். முகாமில் 'கர்ப்பப்பைப் புற்றுநோய்ச் சோதனை' என்று அறிவிக்கிறார்கள். நடப்பது கருப்பை வாய்ச் சோதனை. அது சூலகத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை. சோதித்துக்கொண்டு திரும்பும் பெண், உள்ளே எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்று நம்பித்தான் திரும்புகிறாள். மறு ஆண்டு வயிறு உப்பினால் அந்த நம்பிக்கையே அவளைத் தடுக்கும். கலைச்சொற் குழப்பம் உயிரைத் தொடும் இடம் இது.

(பெயரைப் பற்றி இன்னொன்று. 2000-க்குப் பின் வந்த ஆய்வுகள், மிகக் கொடிய வகைச் சூலகப் புற்றுகளில் பல சூலகத்தில் தொடங்குவதே இல்லை, அதனை நோக்கி நீளும் கருக்குழாயின் முனையில் தொடங்கிப் பின்னரே சூலகத்தில் படிகின்றன என்று காட்டின. வேறு காரணத்துக்காக அறுவை செய்யும்போது கருக்குழாய்களையும் சேர்த்து அகற்றிவிடும் வழக்கத்தைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2010-இல் தொடங்கியது. பட்டப்பெயரும் தவறு, இயற்பெயரும் முழுச் சரியன்று!)

வயிற்று நோவைப் பற்றித் தமிழில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. நம் இலக்கிய வரலாற்றிலேயே பெரும்புகழ் பெற்ற வயிற்றுவலி ஒன்று உண்டு, திருநாவுக்கரசரின் சூலை. (சூலைக்கும் சூலுக்கும் தொடர்பு கற்பிக்க வேண்டா, அது சூலத்தால் குத்துவது போன்ற வலி.) மடத்தார் மருத்துவம் பலிக்காதபோது அவர் தம் தமக்கையார் திலகவதியாரை நாடிச் சென்றதாகப் பெரியபுராணம் கூறுகிறது. தம்பியின் வலியைக் கேட்க ஒரு தமக்கை இருந்தார், கேட்டார், அதிலிருந்து தேவாரம் பிறந்தது. அந்தத் தமக்கைக்கு வயிறு வலித்திருந்தால் யாரிடம் சென்றிருப்பார் என்று எந்தப் புராணமும் கேட்கவில்லை.

நம் வீட்டுப் பெண்கள் சொல்லாமல் இல்லை. 'வயிறு கல்லு மாதிரி இருக்கு', 'ரெண்டு வாய் சாப்பிட்டாலே போதும்னு ஆயிடுது', 'சும்மா சும்மா பாத்ரூம் போகணும் போல இருக்கு' என்று அடுப்படியில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். மேற்சொன்ன அறிகுறிப் பட்டியலை இதைவிடத் தெளிவாக எந்த மொழிபெயர்ப்பாளரும் தமிழாக்க முடியாது. விடையும் ஆயத்தமாக இருக்கிறது: வாயு. ஓமத் தண்ணீர், பெருங்காயம் கரைத்த மோர், சுக்குக் கஷாயம். அவற்றுக்கும் அடங்காவிட்டால் மருந்துக் கடையில் 'கேஸ் மாத்திரை'. ஐம்பதைத் தொட்டவர் என்றால் இன்னொரு விடை, 'நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்'. பத்தில் ஒன்பது முறை வாயுவாகவே இருக்கும் என்பதுதான் இதிலுள்ள பொறி. மிகச் சரியான விடையாக இருப்பதாலேயே தவறும்போது எவரும் ஐயுறுவதில்லை.

உடையும் இதற்கு உடந்தையோ என்று நமக்கு ஓர் எண்ணம். பொருத்தமாகத் தைத்த பாவாடை இடுப்பில் பூட்ட மறுத்ததால் ஃபிராங்ளினுக்கு வேறுபாடு தெரிந்தது. புடவை அப்படி மறுக்காது. உள்பாவாடை நாடாவை ஒரு விரற்கடை தளர்த்திக் கட்டினால் தீர்ந்தது. நைட்டிக்கு அந்தத் தொல்லையும் இல்லை. கைகால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்தபின், 'மகோதரம்' என்று பழையோர் சொன்ன நீர்க்கோவை வந்தபின்தான் வீடு திரும்பிப் பார்க்கிறது.

மருத்துவரிடம் 'கொஞ்ச நாளா வயிறு சரியில்ல' என்று சொன்னால் அவருக்கும் வாயுதான் தோன்றும். நாள்தோறும் நூறு பேர் சொல்வது அது. எண்ணிக்கை சொன்னால் தோன்றாது. சமையலறைச் சுவரில் மாத நாட்காட்டி தொங்காத தமிழ் வீடு குறைவு. பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, எரிவாயு உருளை மாற்றிய நாளுக்கு ஒரு வட்டம், சீட்டுப் பணம் கட்டியதற்கு ஒரு கோடு எனக் கட்டங்கள் நிறைந்திருக்கும். வயிறு உப்பிய நாளுக்கு அதே கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். மாத இறுதியில் பன்னிரண்டு புள்ளிகளுக்கு மேல் இருந்தால், தாளைக் கிழித்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு மகளிர் நோய் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அம்மாவுக்கோ அத்தைக்கோ பெரியம்மாவுக்கோ சித்திக்கோ மார்பிலோ வயிற்றிலோ புற்று வந்திருந்தால் அதனையும் அந்தத் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டு.